கரையில் ஒரு கேப்டன்

நீரை வெல்லப் பிறந்தவன் மனிதன். இப்போதைக்கு ஏரிக்கரையில் ஒரு ரப்பர் மீன்பிடிப் படகு அவனை வென்றுகொண்டிருக்கிறது. மருமகன் வெயிலில் கால்பம்பை மிதிமிதியென்று மிதிக்கிறார். அது புஸ் புஸ்ஸென்கிறது. படகு அவருடையது, விடுமுறையும் அவருடையது. ஆரஞ்சு மிதவைச் சட்டையில், துடுப்பை வேல்போல ஊன்றி நிற்கிற மாமனார் மட்டும் தானாக வந்தவர். "காலுல தெம்பே இல்லையே மாப்ள. என் பொண்ணு சோறு போடறாளா இல்லையா?" "போடறா மாமா. போன மாசம் நீங்க படகை ஈரத்தோட மடிச்சு வெச்சீங்களே, அதான் எங்கயோ ஒட்டு விட்டுப்போச்சு." "பழிய என் மேல போடாதீங்க. இன்னைக்கு இது மிதக்கலைன்னா எங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கு வெச்சுக் காப்பாத்தத் தெரியல." மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு, பம்பை வேறு யாராகவோ நினைத்து மிதிக்கிறார். படகு முன்னைவிட ஒட்டிப்போய்க் கிடக்கிறது. பம்பில் இரண்டு வாய் உண்டு; ஊத ஒன்று, உறிஞ்ச ஒன்று. படகை மடிக்கும்போது காற்றை உறிஞ்சி எடுக்கிற வாயில் இன்று குழாயை மாட்டிக் கொடுத்தவர் மாமனார்.