ஆறு நிமிட மீட்பு

அண்ணன் தம்பி இருவரே நடத்தும் மரம் வெட்டும் கம்பெனி. பாதுகாப்புச் சான்றிதழ் தர வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார். நாற்பதடி உயரத்தில் அண்ணன் கயிற்றில் தலை தொங்கக் கிடந்தான். நெற்றியெல்லாம் ரத்தம்.

"நான் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்தும் மீட்பு ஒத்திகைக்கு ரெடியா இருக்கீங்களே. மயங்கினவரை இறக்கிக் காட்டுங்க."

தம்பி விறுவிறுவென ஏறி, அண்ணனை மார்போடு அணைத்து, ஆறே நிமிடத்தில் தரையில் கிடத்தினான்.

"பிரமாதம். உங்கண்ணன் இமைகூட அசைக்கலை. சாயமும் நிஜ ரத்தம் மாதிரியே இருக்கு."

தம்பி அண்ணனின் மார்பு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். "உங்கள்ல முதலுதவி படிச்சவர் யாரு?"

"அண்ணன்தான் சார்."

மரத்தின்மேல் வாய்த்தகராறு முற்றி, ரம்பப் பிடியால் அண்ணன் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டுத் தம்பி இறங்கும்போதுதான் அதிகாரியின் கார் வந்து நின்றது.