ஊற்றோரம் ஏழு சாயங்காலம்

அக்கரையிலிருந்து ஓர் ஆள் மணலில் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

தனகோடி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊற்றில் கசிந்து நிற்கும் தண்ணீரைச் செம்பால் மொண்டு மொண்டு பித்தளைக் குடத்தில் ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் கைவளையல்கள் குலுங்கின. அந்தச் சத்தத்துக்காகவே அவள் அரைச் செம்பு அரைச் செம்பாக மொண்டாள் என்று சொன்னால் அது பொய்யில்லை.

பாலாற்றில் அப்போது தண்ணீர் ஏது? வெயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மணல் முழுக்க மஞ்சளாகப் பரவி, கரை எது, வானம் எது என்று தெரியாமல் அடித்திருந்தது. அதற்குள் அந்த ஆள் நடக்கிறானா, மிதக்கிறானா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

தலையில் மல்லிகை கனத்தது.

மேல்விஷாரத்துத் தோல்கிடங்கில் ஆட்டு மயிர் அலசுகிறவளுக்கு எந்நாளும் ஒரே வாசனைதான். இந்த ஏழு சாயங்காலமாக அதைப் பூ எங்கேயோ துரத்திவிட்டிருந்தது.

பூவும் நகையும் போலீஸ் காரியத்துக்காகப் போட்டவை.

ஆற்றோரத் தெருப் பெண்கள் ஊற்றுக்குப் போகப் பயந்து இரண்டு மாதம் ஆகிறது. எவனோ ஒருவன் வருவான். குனிந்து மொள்ளுகிறவளின் காதிலிருந்து கம்மலை அறுத்துக்கொண்டு ஓடுவான். செல்லம்மாளுக்குக் காது மடல் இரண்டாகக் கிழிந்து இன்னும் ஆறவில்லை. போகாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை, போனால் காது இல்லை.

ஏட்டு பஞ்சாட்சரம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், அப்துல் வஹீத் சாயபு வீட்டு முற்றத்தில் தெருவாரைக் கூட்டினார். நகை போட்ட ஒரு பெண் சாயங்காலம் ஊற்றில் தனியாக உட்கார வேண்டும். அவரும் தெரு ஆண்கள் நாலு பேரும் கரையில் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் இருப்பார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது, திருடன் உஷாராகிவிடுவான். அவள் செம்பால் குடத்தை அடித்தால் எல்லாரும் பாய வேண்டும்.

நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். என் பெண்சாதியை அனுப்புகிறேன் என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள யாருக்கு என்ன பைத்தியமா?

பிறகு எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின. தனகோடிக்குப் புருஷன் போய் ஒன்பது வருஷம். அவளுக்கு ஒன்று ஆனால் கேட்க ஆளில்லை.

மறுநாள் நகையை ஆளுக்கொன்றாகத் தெருவே கொடுத்தது. பூ வைத்துவிட மட்டும் சுமங்கலிகளுக்குக் கை கூசியது. பக்கத்து வீட்டு நசீமுன்னிசாதான் முன்னால் வந்தாள்.

"சர்க்கார் வேலைக்கு இன்னா தோஷம்? திரும்பு இந்தப் பக்கம்."

அன்று ஊற்றில் குனிந்தபோது தண்ணீரில் ஒரு முகம் தெரிந்தது. அதற்கு இருபது வயதுதான் இருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரையேறினால் தெருமுனையிலேயே பூவும் நகையும் கழன்றுவிடும். கண்ணாடி வளையலை மட்டும், கைக்கு இறுக்கம், கழட்டினால் உடைந்துபோகும் என்று சொல்லிவிட்டாள். அவை முழங்கை வரை தாராளமாக ஏறி இறங்கின. அதை யார் பார்த்தார்கள்? தூக்கத்தில் புரண்டால் அவை சிணுங்கும். அதைக் கேட்கவே அவள் புரண்டு புரண்டு படுத்தாள்.

ஆறு நாளும் மூட்டைக்குப் பின்னால் ஆண்கள் கொட்டாவி விட்டதுதான் மிச்சம். இன்றைக்கு ஏட்டு சலித்துப்போனார்.

"இன்னியோட சரி தனகோடி. எவனோ அவனுக்குத் தகவல் சொல்லிட்டான்."

ஆள் கிட்டே வந்துவிட்டான். முதலில் அவன் நிழல் ஊற்றுக்குள் விழுந்தது. அந்த இருபது வயது முகம் இருட்டாகிவிட்டது.

அவன் பாயவில்லை. தண்ணீர் கேட்கிறவன்போல் எதிரே குந்தி, மெல்லக் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை வான்னு சொன்னியே. இன்னிக்காவது அசலைப் போட்டுக்கினு வந்தியா?"

தனகோடி தலையாட்டினாள்.

முதல் நாளே அவன் வந்திருந்தான். அவளும் செம்பை ஓங்கினாள். அடித்தால் அவன் பிடிபடுவான், தெருவுக்கு நிம்மதி. ஆனால் பூ இறங்கிவிடும். வைத்து அரை மணிகூட ஆகாத பூ. கை அப்படியே நின்றது. இதெல்லாம் கில்ட்டு, வெள்ளிக்கிழமை அசல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அப்போது காதில் ஆடிக்கொண்டிருந்தது நசீமுன்னிசாவின் பத்தரை மாற்றுத் தங்கம்.

ஒரு வாரம் போதும் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். ஒரு வாரம் எங்கே போதும்!

அவன் கை காதை நோக்கி நீண்டது. மஞ்சள் பற்றுப் போட்ட காதோடு செல்லம்மாள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

தனகோடி இடது கையால் பூவை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வலது கையை ஓங்கி, செம்பும் மணிக்கட்டும் சேர்ந்து படும்படி, குடத்தில் அடித்தாள்.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. மணலில் பச்சைப் பச்சையாகக் கிடந்த வளையல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பத்தாம் நாள், இதே மணலில் நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டு உடைத்தார்கள். இந்தத் தடவை யாரும் பிடிக்கவில்லை.