டேம் மீன்

கரண்ட் போனதும் சமையல் மேடையில் இருந்த மீன் ஒளிர்ந்தது.

சாராள் மிளகாய்த்தூள் டப்பாவைக் கீழே வைத்தாள். செல்போன் டார்ச்சைப் போட்டாள். வெறும் மீன் துண்டுகள். அணைத்தாள், துண்டுகளின் ஓரமெல்லாம் நீலம்.

பயம் வரவில்லை. அவள் உயிரியல் டீச்சர். ஒளிரும் பாக்டீரியாவைப் பற்றி வருஷாவருஷம் வாய் வலிக்கப் பேசுகிறவள், ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஓசூரில் எங்கே போய்ப் பார்ப்பது?

ஒரு துண்டைத் தடவினாள். விரலிலும் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. மருதாணி வைத்த சின்னப் பிள்ளை மாதிரி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை.

ரெனிட்டா இருந்தால் குதித்திருப்பாள்.

நாகப்பட்டினத்து மீனவப் பையனைக் கட்டிக்கொண்டு மகள் போன நாளிலிருந்து, அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது. கணவர் மைக்கேல்ராஜ் போட்ட சட்டம். போன்கூடக் கிடையாது. சாராள் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுவதோடு சரி.

சட்டம் போட்டவர் இப்போது ஹாலில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். சேலத்தில் இரண்டு நாள் கம்பெனி வேலை என்று போனவர், காலையில்தான் வந்தார். அந்த வழியாக வரும் ஓசூர்க்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கிருஷ்ணகிரி டேம் மீன் கூடவே வரும். இவரும் தோல் உரித்து, துண்டு போட்டு, ஐஸில் வைத்து, டேம் மீன் என்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். மீனில் சாராளுக்குத் தெரிந்தது பொரிப்பதும் தின்பதும்தான்.

மறுபடி அந்த நீலத்தைப் பார்த்தாள். வகுப்பில் தான் சொல்வதே ஞாபகம் வந்தது. இந்தப் பாக்டீரியா கடல் மீனோடு வரும். உப்பில்லாத தண்ணீரில் பிழைக்காது.

டேமில் ஏது உப்பு?

கடல் மீன் ஓசூர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. அங்கே வாங்கியிருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். டேம் என்று எதற்குப் பொய், இந்த மனுஷனுக்கு?

ஹால் பக்கம் திரும்பினாள்.

மைக்கேல்ராஜ் மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். சாராள் அதை ஊதி அணைத்தாள். இருட்டில் அவரும் மீனைப் பார்த்தார்.

"ரெனிட்டா எப்டிங்க இருக்கா?"

எரிந்து விழுவார் என்றுதான் நினைத்தாள். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஏழாம் மாசம். அம்மா வந்தாதான் வளையல் போட்டுக்குவேன்னுட்டா."