இலை போட்ட பிறகு

மாசிலாமணியின் மூளைக்குள் இரண்டு உயிரணுக்கள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. மூத்தது அவருடைய தம்பியின் முகத்தைக் காத்து வந்தது. இளையது, தங்கை கல்யாணத்தில் இலை போட்ட பிறகு அந்தத் தம்பி அவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட அவமானத்தைக் காத்து வந்தது. மூத்தது முகத்தைக் காட்டினால் போதும், இளையது திட்டத் தயாராக இருந்தது. ஒவ்வொரு திட்டையும் தீட்டித் தீட்டிப் பளபளவென்று வைத்திருந்தது.

ஒருநாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே, அவன்தானே? சீக்கிரம் சொல்லுண்ணே" என்று இளையது துள்ளியது.

கேள்வி நடுவழியில் ஒட்டிக்கொண்டது. சில காலமாகவே இரண்டுக்கும் நடுவில் பிசின் போல ஒரு கசடு சேர்ந்துகொண்டிருந்தது. மாசிலாமணியின் அம்மா கடைசியில் எல்லாரையும் மறந்துபோனதும் இதே கசடால்தான். அந்த உடல்வாகு பிள்ளைக்கும் வந்திருந்தது.

"அண்ணே, காது அடைச்சுப்போச்சா? மூக்கைப் பார்த்துச் சொல்லு, போதும்."

கசடுக்கு அப்பாலிருந்து மூத்ததின் குரல் தேய்ந்து வந்தது. "யாரோ பெரியவர். மீசை நரைச்சிருக்கு. கண் கலங்கி நிக்கிறார்."

"பேரு?"

"பேரு வரலையேப்பா."

வெளியே மாசிலாமணி எழுந்து, வந்தவரின் கையைப் பிடித்தார். "வாங்க, உட்காருங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்று தாமே இலையைப் போட்டார்.

தம்பி இலையின் முன்னால் உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை.

உள்ளே இளையது அத்தனை திட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்குண்ணே இலை போடுறாங்க?" என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.