நான்காவது சிலிண்டர்

பயிற்சி விமானம் ஒன்றின் எஞ்சின் திருவொற்றியூர்ப் பட்டறைக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை ஒரு மாணவி முதன்முதலாகத் தனியே பறக்க வேண்டிய விமானம் அது. மெக்கானிக் பெர்சிஸ் ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்பது பவுண்டு காற்றை ஏற்றி, எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். முதல் மூன்றிலும் எழுபத்தைந்து நின்றது. நான்காவதில் நாற்பதுதான்.

"எங்க கசியுதுன்னு கேளுங்கண்ணே."

விசைப்படகு எஞ்சின்களைப் பார்க்கும் ரகுபதி, புகைக்குழாயில் காதை வைத்தார்.

"உஸ்ஸுன்னு வரணுமே? இது மூச்சு வாங்கிகினு கீது, பெர்சிஸு!" என்று சிரித்தார்.

பெர்சிஸும் கேட்டாள். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. ஏற்றும் குழாயைக் கழற்றிய பிறகும் அது நிற்கவில்லை.

"இதுல அந்தப் பொண்ண அனுப்ப மாட்டேன்," என்றாள்.

அந்தச் சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, துணியால் மூடினார்கள். புதிதாக மாட்டியதில் எழுபத்தாறு நின்றது. பெர்சிஸ் கைதட்டினாள்.

"உஷ்!" என்றார் ரகுபதி. "தூங்குது பாரு."

மின்விசிறி ஓடவில்லை. மேசைமேல் இருந்த துணி மெல்ல எழுந்து தாழ்ந்தது. இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி டீ குடிக்க வெளியே போனார்கள்.