கொஞ்சம் கூடுதல் பெட்ரோல்

பைக்கின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, லேப்டாப் ஒயரை அந்தக் கறுப்புப் பெட்டியில் செருகினான்.

ஃப்யூல் கன்ட்ரோலர். உள்ளங்கையில் அடங்கிவிடும். எந்த வேகத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று கம்பெனி வைத்த கணக்கைத் தள்ளிவிட்டு, இவன் வைத்த கணக்கில் நடத்துகிற பெட்டி. போன மாதம் அவனேதான் வாங்கிவந்து பூட்டினான், மனைவியின் பந்தய வண்டிக்கு.

இன்று வண்டியில் ஏறப்போவது மனைவி இல்லை.

டீமுக்குப் புதிதாக வந்த பெண் கையுறையை மாட்டியபடி பக்கத்தில் நின்றிருந்தாள். "அண்ணா, அக்கா ஓட்டின அதே செட்டிங் இருக்கட்டும். எனக்காக எதையும் மாத்தாதீங்க," என்றாள்.

அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

அந்த செட்டிங் என்ன என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

குழந்தை பிறப்பதற்கு முன்பு, வேறொரு வண்டியில், ஒரு வளைவில் மனைவி விழுந்தாள். தோள்பட்டை எலும்பு உடைந்தது. ஆம்புலன்ஸில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து போனவன் அவன். குழந்தை நடக்கத் தொடங்கியதும் அவள் மறுபடி ஹெல்மெட்டைத் தூசி தட்டினாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக, மேல்வேகத்தில் மட்டும் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

பெட்ரோல் கூடினால் வண்டி பறக்கும் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். ஆனால் உள்ளே போகிற காற்றுக்கு மிஞ்சிப் போனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். கிளம்பும்போது நன்றாகச் சீறும். போகப் போகச் சோர்ந்துவிடும்.

"மேல இழுக்கவே மாட்டேங்குதே," என்று பயிற்சியின்போது அவள் கேட்டாள்.

"நீ முன்ன மாதிரி குனிஞ்சு ஓட்டல. காத்து தடுக்குது," என்றான்.

எப்படி அவ்வளவு சுலபமாக அது வாயில் வந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை.

பந்தயத்தில், நேர்சாலையில், ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்து சேர்ந்தாள். டீம் மேனேஜர் நேராக அவன் மேல்தான் பாய்ந்தார். வண்டியை ட்யூன் பண்ண வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று எல்லார் எதிரிலும் கத்தினார். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குறுக்கே வந்து நின்றாள்.

"அவரைச் சொல்லாதீங்க சார். அவர் கை பட்ட வண்டியில குறையே இருக்காது. பிள்ளை பெத்த உடம்பு, முன்ன மாதிரி வளையல. அவ்வளவுதான்."

அவன் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவளாகவே மேனேஜருக்குப் போன் செய்து விலகிக்கொண்டாள். அவன் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அன்று மாலை அவள் கண்ணாடிமுன் பக்கவாட்டில் நின்று, சட்டையை வயிற்றோடு இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அறைக்குள் போகாமல் திரும்பிவிட்டான்.

இப்போது லேப்டாப் திரை எதிரே காத்திருந்தது.

அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இந்தப் பெண்ணும் கடைசியாக வருவாள், புதுசு என்பார்கள். சரிசெய்தால் தெரிந்துவிடும். வேலியோரம், இடுப்பில் குழந்தையோடு மனைவி நின்றிருந்தாள். சத்தத்தை வைத்தே வண்டியின் சுகம் சொல்லிவிடுகிற காது அவளுக்கு.

தெரியட்டும் என்று நினைத்தான். ஒருத்திக்குச் செய்த பாவம் போதும்.

கூட்டியதைக் குறைத்தான். சேமித்தான். ஒயரைப் பிடுங்கி சீட்டைப் பூட்டினான். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

புதுப் பெண் கிளம்பினாள்.

முதல் சுற்று மெதுவாகப் போனது. இரண்டாவதில், நேர்சாலையில் அவள் ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகியபோது வண்டி சோரவில்லை. குரல் மேலே மேலே ஏறி, ஒரே இழுப்பாக அவர்களைக் கடந்து போனது. குழந்தை கைதட்டியது.

மனைவி கைதட்டவில்லை. வண்டி போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெல்ல அவனிடம் வந்தாள்.

"அன்னிக்கு நீங்கதான் வேகத்தைக் குறைச்சு வச்சீங்களா?"

தலையாட்டினான். "நீ மறுபடி விழுந்துடுவியோன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல. அதான் இன்னிக்கு சரி பண்ணிட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். அழுவாள், அல்லது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். எதற்கும் தயாராகத்தான் நின்றான்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"அப்போ, இந்தப் பொண்ணு விழுந்தா பரவாயில்லையா?"

அப்படி ஒன்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட.

நேர்சாலை முடிகிற இடத்தில் வளைவு. வண்டி கிளம்பியதிலிருந்து அவன் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது வளைவைப் பார்த்தான்.