செசிலியம்மாளின் கழுத்து

தேவாலயப் பாடகர் குழு அறையில், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் பழைய படம் கண்ணாடியில்லாமல் தொங்கியது. ஒத்திகைக்கு முன் சூசைராயர் மாஸ்டர் விரலை நாக்கில் நனைத்து, படத்திலிருந்த புனிதையின் கழுத்தைத் தொட்டு, அதே விரலால் பெண்களின் தொண்டையில் சிலுவை போடுவார். குரல் கனியுமாம். காகிதத்தில் கழுத்து இருந்த இடம் வெற்றிலைக் கறையேறிப் பிசுபிசுத்தது. பிலோமினாவும் பல வருடங்களாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவள்தான். அன்று அவள் மகள் ஜெர்லின் முதன்முதலாகப் பாட வந்திருந்தாள். ஈர விரல் நெருங்கியதும் சிறுமி முகம் சுளித்துப் பின்வாங்கினாள். பிலோமினா குறுக்கே புகுந்து மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவளத் தொடாதீங்க மாஸ்டர்.”

“ஆசீர்வாதம்மா இது,” என்று அவர் சிரித்தார்.

“எச்சி மாஸ்டர்.”

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருத்தி முந்தானையால் தன் தொண்டையைத் துடைக்கத் தொடங்கினாள். பிறகு இன்னொருத்தி.